பிரிச்சு அளந்த பை

எங்க வீட்டுக்காரர் அரசாங்கக் குழு முன்னாடி எழுந்து நின்னு பேசப் போறேன்னு சொன்னதும் எனக்கு முதல்ல வந்தது சிரிப்புதான். நாலு பேரு உட்கார்ந்திருக்கிற இடத்துல அஞ்சாவதா போய் உட்காரவே யோசிக்கிற மனுஷன். கடைக்காரர் சில்லறை குறைச்சுக் குடுத்தா வீட்டுக்கு வந்து என்கிட்டதான் சண்டை போடுவாரு. அவரு மைக் பிடிச்சுப் பேசப் போறாராம்! "தண்ணி பாட்டில் ஒண்ணு கூடவே எடுத்துட்டுப் போங்க, நாக்கு ஒட்டிக்கும்"னேன். அவரு சிரிக்கல. அப்பதான் விஷயம் விளையாட்டு இல்லன்னு புரிஞ்சுது.

எங்களோடது சின்ன பை கம்பெனி. காய்கறிக் கடை, மருந்துக் கடையில பொருளைப் போட்டுக் குடுக்கிறாங்களே, கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் பை, அதுதான். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினா மெஷின் அதை உருக்கி, உள்ள காத்தை ஊதி, கூரையைத் தொடுற மாதிரி ஒரு நீள பலூனா எழுப்பும். மேல போனதும் ரெண்டு உருளைக்கு நடுவுல நசுங்கி, தட்டையா கீழ இறங்கும். வெட்டி, அடியை ஒட்டி, கைப்பிடி குத்தினா பை. மெஷினை ஓட்டுறது என் கொழுந்தன், இவரோட சித்தப்பா மகன். நாள் முழுக்க அந்தப் பலூனையே அண்ணாந்து பார்த்துட்டு நிக்கிறதால அவன் பேரே பலூன்னு ஆயிடுச்சு. அவன் பொண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுறா. சரக்கைப் பார்த்து, அளந்து, கட்டி அனுப்புறது என் வேலை. எல்லாரையும் திட்டுறதும் என் வேலைதான், அதுக்குத் தனியா சம்பளம் கிடையாது.

அளக்கிறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பையோட தடிமனை மைக்ரான் கணக்குல சொல்வாங்க. அதை அளக்க கேஜ்னு ஒரு கருவி இருக்கு. பையை நடுவுல வச்சு விட்டா முள்ளு ஓடி எண்ணைக் காட்டும். சட்டப்படி பையோட ஒரு பக்கத்தை மட்டும் அளக்கணும். நாங்க என்ன பண்ணுவோம்னா, பையைத் திறக்க மாட்டோம். ரெண்டு பக்கமும் ஒட்டிக் கிடக்கிறபடியே வச்சு அளப்போம். அம்பதுன்னு காட்டினா பையிலயும் அம்பதுன்னே அச்சடிப்போம். உண்மையில ஒரு பக்கம் இருபத்தஞ்சுதான். நாங்க மட்டும் இல்ல, தொழில்ல பாதிப் பேரு இப்படித்தான். யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியாது. பொய்னு எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறந்து யாரும் சொல்றதில்ல. பழகப் பழக அது பொய் மாதிரியே தெரியாம போயிடுச்சு.

இப்படி ஓடிட்டிருந்த நேரத்துலதான் அறிவிப்பு வந்துச்சு. ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கை எல்லாம் கட்டுப்படுத்தப் போறாங்களாம். பையை மொத்தமா தடை பண்றதா, இல்ல அம்பது மைக்ரானுக்கு மேல இருந்தா விட்டுடலாமான்னு முடிவு பண்ண ஒரு குழு. தொழில் நடத்துறவங்க வந்து கருத்தைச் சொல்லலாம்னு போட்டிருந்தாங்க. மொத்தமா தடைன்னா எங்க மெஷினைக் காயலான் கடைக்குத்தான் அனுப்பணும். அம்பதுன்னா பிழைச்சுக்கலாம்.

எங்க பை கம்பெனிக்காரங்க சங்கத் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டு விட்டாரு. அவரு பெரிய ஆளு, அவரோட கம்பெனி வாசல்ல லாரி நிக்காத நாளே கிடையாது. அவர் ஆபீஸ்லதான் கூட்டம். வரிசையா ஆளாளுக்குக் கத்தினாங்க. "பிளாஸ்டிக் என்ன தப்புப் பண்ணுச்சு? தெருவுல போடுறவன்ல தப்பு"ன்னாரு ஒருத்தர். "பெரிய பெரிய கம்பெனிக்காரன் நொறுக்குத் தீனியை மினுமினுன்னு பொட்டலம் போட்டு விக்கிறான், அவன் மேல கை வைக்கத் துப்பில்ல, நம்ம குரல்வளையைத்தான் பிடிக்கிறாங்க"ன்னாரு இன்னொருத்தர். ஏழைங்க துணிப்பைக்கு எங்க போவாங்க, வேலை போனா குடும்பம் என்னாகும், ரெண்டு வருஷமாவது அவகாசம் வேணும்... எல்லாமே நானும் வீட்டுல பேசினதுதான். பாதிக்கு மேல நியாயமும் இருக்கு. தலைவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, சாஞ்சு உட்கார்ந்து, "அம்பதுக்கு ஒத்துக்குவோம். ஒத்துக்கிட்டா நல்ல பேரு. எப்படி அளக்கிறதுங்கிறது நம்ம வீட்டு விவகாரம்"னாரு. அறை முழுக்க சிரிப்பு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லல.

இவரு சிரிக்கல. எழுந்தாரு. "பிரிச்சு அளந்து அம்பதுன்னா மட்டும் ஒத்துக்கலாம். இல்லாட்டி ஒத்துக்கக் கூடாது"ன்னாரு.

"அட, என்னப்பா திடீர்னு?"ன்னாரு தலைவர்.

திடீர்னு இல்ல. மழைக்காலத்துல எங்க தெருவுல சாக்கடை அடைச்சு, தண்ணி வீடு வீடா ஏறிடுச்சு. சுத்தம் பண்றவரு இடுப்பளவு தண்ணியில இறங்கி, கொத்துக் கொத்தா பையை இழுத்து வெளிய போட்டாரு. எல்லாத்துலயும் எங்க கம்பெனி அடையாளமா நாங்க அச்சடிக்கிற கிளிப் படம். எங்க கேட்டு மேல அதைத் தொங்க விட்டுட்டுப் போயிட்டாரு. இவரு அன்னைக்கு சாப்பிடல. நான்தான் "வாங்கினவன் போட்டதுக்கு நாமளா பொறுப்பு?"ன்னு நியாயம் பேசிட்டு இருந்தேன். அன்னையிலேருந்து அவரு மனசுல ஒரு கணக்கு ஓடிட்டு இருந்திருக்கு. அதைத்தான் இப்ப சொன்னாரு: "தடிமனா இருந்தா ஜனங்க துவைச்சுத் திரும்ப எடுத்துட்டுப் போவாங்க. கிழிஞ்சாலும் பழைய சாமான் எடுக்கிறவங்க எடைக்குப் பொறுக்கிடுவாங்க. நாம போடுற இந்த மெலிசை யாரும் குனிஞ்சு எடுக்கிறதில்ல. எடையே இல்லையே. அதான் எல்லாம் சாக்கடைக்குப் போகுது. நாம நிஜமா தடிமனா போட்டா, நிஜமா பிழைச்சுக்கலாம்."

தலைவர் ஆளு கெட்டிக்காரர், மூஞ்சியில எதையும் காட்டிக்கல. "சரி, நீயே பேசு தம்பி. உன்னை மாதிரி சின்ன ஆளு, இந்த அப்பாவி முகத்தோட பேசினா குழுவுக்கு இரக்கம் வரும்"னாரு. கிண்டலா, நிஜமான்னு புரியல. இவரு நிஜம்னே எடுத்துக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டாரு. கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்தாரு. குளிக்கும்போது பேசினாரு. குழம்பு தட்டுல ஊத்தினா அதைப் பார்த்துப் பேசினாரு. எனக்குக் கிண்டல் பண்ண வாய் துறுதுறுன்னுச்சு, ஆனா அடக்கிக்கிட்டேன். ஏன்னா உள்ளுக்குள்ள பெருமையா இருந்துச்சு. இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கான்னு இத்தனை நாள் தெரியலையேன்னு இருந்துச்சு. "கையில ஒரு பை இருந்தாதான் பேச்சுக்கு மதிப்பு. நம்ம மெஷின்லயே நிஜமான அம்பது ஓட்டி எடுத்துட்டுப் போகணும். அதை நீ பார்த்துக்கோ"ன்னாரு. "இதுகூடவா சொல்லணும்? நான் இருக்கேன்ல"ன்னேன்.

பலூன்கிட்ட போய்ச் சொன்னேன். "தம்பி, அதிகாரிங்க முன்னாடி வைக்கிற பை. சரியா அம்பது இருக்கணும். ஒரு புள்ளி குறைஞ்சுது, உன் தோலை உரிச்சுடுவேன்."

"என்னைப் பத்தித் தெரியாதா அண்ணி? அசத்திடுறேன் பாருங்க"ன்னான்.

சாயங்காலம் ஒரு கட்டு கொண்டாந்து குடுத்தான். கையில எடுத்தா மொடமொடன்னு சத்தம். பளபளன்னு இருந்துச்சு, கிளிகூட நிமிர்ந்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஒரு பையை உருவி கேஜ்ல வச்சேன். முள்ளு ஓடி அம்பதுல நின்னுச்சு. இன்னொண்ணை வச்சேன். அதுவும் அம்பது. உச்சி குளிர்ந்து போச்சு. அழகா கட்டி, இவரு சட்டைக்குப் பக்கத்துலயே எடுத்து வச்சேன்.

பெரிய ஹால். முன்னாடி மேடையில குழு. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா; அவங்கதான் தலைமை அதிகாரி. சங்கத்து ஆளுங்க எல்லாம் ஒரு பக்கமா உட்கார்ந்திருந்தோம். எங்களை மாதிரி சின்னக் கம்பெனிக்காரங்க எத்தனையோ பேரு. எல்லார் கண்ணுலயும் ஒரே பயம். ஒருத்தர் ஒருத்தரா பேசினாங்க. அந்த அம்மா கன்னத்துல கை வச்சுக் கேட்டுட்டு இருந்தாங்க. இதையெல்லாம் எத்தனை ஊர்ல கேட்டிருப்பாங்களோ. அப்புறம் இவரு பேரைக் கூப்பிட்டாங்க.

முதல் வார்த்தை தடுமாறிச்சு. அப்புறம் பாருங்க, எப்படிப் பேசினாரு! பேப்பரை ஒரு தடவைகூடப் பார்க்கல. சாக்கடையைப் பத்திச் சொன்னாரு. கேட்டுல தொங்கின பையைப் பத்திச் சொன்னாரு. "நாங்க இத்தனை நாளும் ரெண்டு பக்கத்தையும் சேர்த்து வச்சு அளந்து உங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு இருந்தோம்"னு போட்டு உடைச்சுட்டாரு. ஹால்ல சலசலன்னு சத்தம். தலைவர் தொண்டையைக் கனைச்சாரு. இவரு நிறுத்தல. "தப்புதான். ஆனா எங்களைச் சாகடிக்காதீங்க. அம்பதுன்னு வைங்க, வந்து சோதனை பண்ணுங்க, தப்புப் பண்ணினா பூட்டுப் போடுங்க. எங்களால நிஜமா செய்ய முடியும்."

அந்த அம்மா கன்னத்துலேருந்து கையை எடுத்துட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. பேனாவைத் திறந்து என்னமோ எழுதினாங்க. எங்க வரிசையில ஒருத்தர் மூச்சை விட்டாரு, எனக்கே கேட்டுச்சு. அட, காப்பாத்திட்டாருடான்னு நினைச்சேன். என் கண்ணு கலங்கிடுச்சு.

"இதோ எங்க மெஷின்ல ஓட்டின பை. சேர்த்து அளக்காதீங்க. நீங்களே பிரிச்சு அளந்து பாருங்க"ன்னு சொல்லிக்கிட்டே கட்டுலேருந்து ஒரு பையை உருவினாரு.

உருவின கை அப்படியே நின்னுடுச்சு.

இவரு விரல் இருக்கே, எத்தனையோ வருஷமா பையைத் தடவித் தடவி, அதுவே ஒரு கேஜ் மாதிரி. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தடவை உரசிப் பார்த்துச்சு. முகம் வெளுத்துப் போச்சு. என்னைத் திரும்பிப் பார்த்தாரு. அந்தப் பார்வையிலதான் எனக்கு உறைச்சுது. நான் பையைப் பிரிக்கவே இல்ல. பழக்க தோஷத்துல, ஒட்டிக் கிடந்தபடியே வச்சு அளந்திருக்கேன். அத்தனை நாளும் பிரிச்சு பிரிச்சுன்னு வீடு முழுக்கப் பேச்சு, காதுல விழுந்துச்சு, கைக்கு எட்டல.

அதுக்குள்ள குழுவுல ஒருத்தர் எழுந்து வந்து இவரு கையிலேருந்து பையை வாங்கிட்டாரு. இவரு விடாம ஒரு நொடி பிடிச்சிருந்தாரு. குழந்தைகிட்டேருந்து பொம்மையைப் பிடுங்குற மாதிரி பிடுங்க வேண்டியிருந்துச்சு. அந்த அம்மா பையோட வாயை விரலால தேய்ச்சு, உள்ள ஊதிப் பிரிச்சு, ஒரு பக்கத்தை மட்டும் மேஜையில இருந்த கேஜ்ல வச்சாங்க. பார்த்தாங்க. கட்டுலேருந்து இன்னொரு பையை வாங்கினாங்க. அதையும் பிரிச்சு வச்சாங்க.

"இருபத்தஞ்சு"ன்னாங்க.

பின்னாடி யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அது அப்படியே பரவி ஹால் முழுக்கச் சிரிப்பு. அய்யோ, அந்தச் சிரிப்பு! பூமி பிளந்து என்னை அப்படியே முழுங்கிடக் கூடாதான்னு இருந்துச்சு. சங்கத் தலைவர் சட்டுன்னு எழுந்தாரு. "மேடம், இது இந்த ஒருத்தரோட தனிப்பட்ட விஷயம். சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்படிப்பட்டவங்களை நாங்களே கண்டிக்கிறோம்"னாரு. கொஞ்சங்கூடக் கூசல.

"இதை அளந்தது யாரு?"ன்னு கேட்டாங்க அந்த அம்மா.

"நான்தான் மேடம்"னாரு இவரு.

நான் எந்திரிக்கல. எந்திரிச்சு, நான்தான் அளந்தேன், இவரு மேல தப்பே இல்லன்னு சொல்லியிருக்கணும். அத்தனை பேரு முன்னாடி, அத்தனை சிரிப்புக்கு நடுவுல, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். வீட்டுல நாள் முழுக்க அவரை அதட்டுற வாய் இது.

அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வரல. அதுதான் தாங்க முடியல. "உங்க பேச்சைக் கேட்டு அம்பதுன்னே எழுதிடலாம்னுதான் இருந்தேன் சார். உண்மையைச் சொல்றேன்னு வந்த ஒரே ஆளு நீங்கதான். நீங்களே இப்படின்னா மத்தவங்களை நாங்க எதை வச்சு நம்புறது? கடை கடையா போய் ஒவ்வொரு பையையும் ஊதிப் பார்த்துட்டு இருக்க முடியுமா?" எழுதினதை அடிச்சாங்க. மொத்தமா தடைன்னுதான் பரிந்துரை போகும்னு அங்கயே சொல்லிட்டாங்க. எங்க வரிசையில இருந்தவங்க யாரும் எங்க முகத்தைப் பார்க்கல. மூச்சு விட்டாரே ஒருத்தர், அவரு எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டாரு.

பஸ்ல அந்தக் கட்டை மடியில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கமா திரும்பி உட்கார்ந்திருந்தாரு. மொடமொடன்னு அது வேற சத்தம் போட்டுட்டே வந்துச்சு.

"நீ அளந்தியா?"ன்னாரு கடைசியில.

"அளந்தேன்."

"பிரிச்சா?"

நான் அவரு மடியில கிடந்த கட்டைப் பார்த்தேன். அவரும் திரும்பக் கேக்கல. திட்டியிருக்கலாம். ஓங்கி ஒண்ணு வச்சிருந்தாகூடத் தேவலை போல இருந்துச்சு. அந்த அமைதியைத் தாங்க முடியாம எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு, அதுவும் பலூன் மேல. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சரியா அம்பதுன்னு சொன்னேனே! மெஷின் ஓட்டுறவன் அவன்தானே, அவனுக்குத் தெரிய வேண்டாமா? வரட்டும், இன்னைக்கு அவனை உண்டு இல்லன்னு ஆக்குறேன். இப்படி நினைக்க நினைக்க எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. தப்பு அவனோடதுன்னு ஆயிட்டா, என் மேல பாதிதான் மிச்சம்.

கம்பெனிக்குள்ள நுழையும்போதே ஆரம்பிச்சுட்டேன். "டேய் பலூன்! குடி கெடுத்துட்டியேடா! அத்தனை பேரு முன்னாடி உங்கண்ணன் மானம் கப்பலேறிடுச்சுடா! சரியா அம்பது வேணும்னு சொன்னேனா இல்லையா?"

ஆர்வமா ஓடி வந்தவன் அப்படியே நின்னுட்டான். "என்னாச்சு அண்ணி? முள்ளு அம்பது காட்டலையா?"

"பிரிச்சுப் பார்த்தாங்கடா! இருபத்தஞ்சு!"

"அய்யய்யோ"ன்னு தலையில கை வச்சுக்கிட்டான். "பிரிச்சுட்டாங்களா? பிரிக்க மாட்டாங்கன்னுதானே... தொட்டுப் பார்த்தாலும் சந்தேகம் வரக் கூடாதுன்னு கெட்டிக் குருணையெல்லாம் கலந்து மொடமொடன்னு ஆக்கிக் குடுத்தேனே அண்ணி. ராப்பகலா யோசிச்சு, உங்களுக்காகப் பார்த்துப் பார்த்துப் பண்ணினேன்."

"யாருடா உன்னை ஏமாத்தச் சொன்னது?"ன்னு கத்தினேன். "நிஜமான அம்பது ஓட்டுன்னுதானே சொன்னேன்!"

அவன் என்னைப் பார்த்தான். வாசப்படியில கட்டோட நின்ன அவன் அண்ணனைப் பார்த்தான். எதிர்த்துப் பேசுறவன் இல்ல அவன். இப்பவும் குரலை உயர்த்தல.

"அதிகாரிங்களுக்குக் காட்டணும்னு சொன்னீங்க அண்ணி. நீங்க நிஜமாவே நிஜத்தைக் கேப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்ககிட்ட வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒரு தடவைகூட நீங்க அப்படிக் கேட்டதில்லையே."

இவரு கட்டைக் கீழ வச்சாரு. திட்ட வாயெடுத்த நான், அவன் சொன்னதுல எது பொய்ன்னு தேடித் தேடிப் பார்த்தேன். ஒண்ணும் கிடைக்கல.